ஏழு வரை

இரவு எட்டரைக்கு அளவெட்டியில் வகுப்புத் தொடங்கும்.
பரகுவேயில் அப்போது பகல் பதினொன்று,
கிராசியேலாவுக்குப் பின்னால் யாரோ வெங்காயம் வதக்குவார்கள்.
மொங்கோலியாவிலும் பதினொன்றுதான், ஆனால் இரவு.
ஓயுன்பிலெக் கம்பளித் தொப்பியோடு வந்து
கொட்டாவியைக் கையால் மறைப்பாள்.
கானாவில் க்வாபெனா வீட்டுக்கு மழை வந்தால்
எல்லோரும் கொஞ்சம் நனைவோம்,
தகரக் கூரை அப்படி.

எனக்குத் தவளை.
கிணற்றடி வாழைக்குக் கீழே இருந்து விடாமல் கத்தும்.
"மைக்கை நிறுத்துங்கள் பத்மலோஜினி" என்பார் பயிற்சி நடத்துபவர்.
என் பெயர் அவர் வாயில்
தண்டவாளம் மாறுகிற ரயில்போலத் தடதடக்கும்.

இங்கிலீஷ் படிப்பிக்கிற பதினாறு பேர்,
ஒருவருக்கும் அது தாய்மொழி இல்லை.
'த' என்கிற அந்தக் குட்டிச் சொல்லை
பாதி உலகம் தவறவிடுகிறது என்று தெரிந்த அன்று
எனக்கு நாரி நிமிர்ந்தது.

மூன்றாம் கிழமை வேலை:
உங்கள் வகுப்பை ஐந்து நிமிடம் படம் பிடித்து அனுப்புங்கள்.
பக்கத்து வகுப்புச் சேரிடம் போனைக் கொடுத்தேன்.
எட்டு பி. நீலக்கரைச் சேலை.
நல்லாய்த்தான் படிப்பிச்சேன் என்று நினைத்தேன்.

கிராசியேலா எழுதியது இரண்டே வரி:
கேள்வி கேட்டு ஒரு விநாடியில் நீயே பதில் சொல்கிறாய்.
யன்னலோரப் பிள்ளை இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினாள்.

கோபம்தான் முதலில்.
சிலபஸை ஆர் முடிக்கிறது? உனக்கென்ன தெரியும்?
டேட்டா முடிய, ரீலோட் போட்டுத் திரும்பப் பார்த்தேன்.
நிதுர்சனா.
'அது கதைக்காது' என்று
ஆறாம் வகுப்பிலேயே நாங்கள் தீர்ப்பெழுதிய பிள்ளை.
உண்மைதான். இரண்டு தரம்.

கேட்டுவிட்டு மனசுக்குள் ஏழு வரை எண்ணு, என்றார் க்வாபெனா.
ஏழு ஒன்றுமேயில்லை.

ஒன்றுமேயில்லையா.
பலாலிப் பக்கம் 'டொக்' என்று குத்தினால்
பங்கருக்குள் அம்மா எங்களை எண்ணச் சொல்லுவா.
எண்ணி முடிகிற இடத்தில் ஆருடையவோ வீடு.
அதற்குப் பிறகு சத்தமில்லாத இடைவெளி எனக்கு ஆகாது,
சட்டி கழுவும்போதும் ரேடியோ வேணும்.
இதை அவர்களுக்குச் சொல்லவில்லை.
பங்கர் இங்கிலீஷ்ச் சொல்தான்.
என்றாலும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மூன்றாம் பாடம்.
நேற்று மழைக்குள் என்ன நடந்தது என்று கேட்டேன்.
ஒன்று. மின்விசிறி.
இரண்டு. முன் வாங்கில் ஒரு கிசுகிசு.
மூன்று. ரீச்சருக்கு என்ன பிடிச்சது என்கிற பார்வை.
நாலில் உள்ளங்கை வேர்த்தது.
ஐந்தில் பதில் என் தொண்டைக்குள் வந்து நின்றது,
விழுங்கினேன்.
ஆறு. மேசை விளிம்பைப் பிடித்தேன்.

யன்னலோரத்தில் இருந்து
ஒவ்வொரு சொல்லாய், கல் கடந்து வருவதுபோல:
மழை வருகிறது. ஆடு வீட்டுக்குள் வருகிறது.
ஆடு என் இங்கிலீஷ் கொப்பியைத் தின்கிறது.

ஒரு இறந்தகாலமும் இல்லை.
அந்த ஆடு இன்றைக்கும் தின்னும், நாளைக்கும் தின்னும்.
வகுப்பு வெடித்துச் சிரித்தது.
திருத்தவேண்டிய நான்
எத்தனை பக்கம் தின்றது என்று கேட்டேன்.
பிறகு திரும்பவும் எண்ணத் தொடங்கினேன்.

இரவு அவர்களிடம் சொன்னேன்.
ஆட்டுக்கு என்ன வயது, என்றாள் ஓயுன்பிலெக்.
அவளுடைய அண்ணனிடம் நூற்றியெழுபது நிற்கிறதாம்.
புதுக் கொப்பி வாங்கியாச்சா, என்றார் க்வாபெனா.
கிராசியேலா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை,
என்னையே பார்த்தபடி இருந்தாள்.
எண்ணுகிறாளாக்கும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.
பன்னிரண்டு, பதின்மூன்று…
பிறகுதான் விளங்கியது, லைன் வெட்டுப்பட்டு
அவள் முகம் அப்படியே உறைந்து போயிருந்தது.

அவள் திரும்பி வரும்வரை ஒருவரும் கதைக்கவில்லை.
என் மைக் திறந்தபடி.
தவளை.